மேஜர் கேட்டதும் நான் சொல்லாமல் விட்டதும்

மேஜரின் இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பயிற்சி மைய முதல்வர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் எங்கள் அன்றைய படைத் தளபதி ஐயா அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மேஜரின் கணவர், எங்கள் எல்லோருக்கும் கணக்கு வாத்தியார் அவர்களே, அவர் பக்கத்தில் இருக்கும் மகள், செவிலியர் அவர்களே, மேஜரோடு புழுதியிலும் வெயிலிலும் நின்ற தோழர்களே, வரும் திங்கட்கிழமை அமைதிப் பணிக்குப் புறப்படவிருக்கும் நாற்பத்திரண்டு பேரே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மேஜரின் வீரத்தைச் சொன்னார்கள். அவர் வாங்கிய பதக்கங்களைச் சொன்னார்கள். அவர் பயிற்சி கொடுத்து அனுப்பிய ஆயிரத்து நூறு பேரின் கணக்கைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவரோடு பத்தொன்பது மாதம் ஒரே ஜீப்பில் போனவன் நான். அவர் கேட்டதை அந்த ஊர் மொழியில் சொன்னவன் நான். அந்த ஊர் சொன்னதை அவருக்குச் சொன்னவனும் நான். முகாமில் எனக்கு வைத்த பெயர் நாக்கு. அந்த நாக்கு செய்த ஒரு தவற்றையும், அதை மேஜர் என்ன செய்தார் என்பதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நேற்று தளபதி ஐயாவிடம் தொலைபேசியில் பேசினேன். "சார், நான் பேசப் போறதுல நீங்களும் வருவீங்க. நல்லபடியா மட்டும் வர மாட்டீங்க" என்றேன். ஐயா சொன்னார்: "நடந்தத நடந்த மாதிரி சொல்லு. எனக்காகக் குறைக்காதே." அந்த அனுமதியோடு பேசுகிறேன்.

அவையோரே, இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஆற்றங்கரையில் ஒரு நகரம். இரண்டு ஆயுதக் குழுக்கள் ஒன்பது வருடம் அடித்துக்கொண்டு ஓய்ந்து, கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் நிற்கப் போனது எங்கள் படை. ஒரு பழைய நூற்பாலையில் முகாம். இயந்திரங்களை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவற்றை இறுக்கியிருந்த இரும்பு ஆணிகள் மட்டும் தரையில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. புதிதாக வந்தவர்கள் எல்லோரும் முதல் வாரம் நொண்டினார்கள். என் அப்பா அந்த நாட்டில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். பன்னிரண்டு வயது வரை நான் படித்தது அங்கேதான். அதனால் அந்த மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் வேலையும் கிடைத்தது.

நான் சேர்ந்து எட்டு மாதம் கழித்து மேஜர் வந்தார். முந்நூற்று நாற்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண் அதிகாரி. வந்த அன்று பண்டகசாலைப் பொறுப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மேடம், உங்களுக்குத் தனியா குளியலறை இல்லையே. என்ன பண்றது?"

"கட்டுங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அதிகாரிங்க குளியலறை காலைல ஆறுல இருந்து ஆறரை வரைக்கும் எனக்கு. கதவுல எழுதி ஒட்டிடுங்க."

அந்த அரை மணி நேரத்தை இழந்த அதிகாரிகள் சேர்ந்து ஒன்பதே நாளில் புதுக் குளியலறையைக் கட்டி முடித்தார்கள். படையின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக எதுவும் கட்டப்பட்டதில்லை.

வாராவாரம் தலைமையகத்துக்கு ஓர் அறிக்கை போகும். அதில் ஒரு வரி: "பெண்கள் மீதான வன்முறை பற்றிய புகார்கள்." எதிரே எட்டு மாதமாக ஒரே பதில்: இல்லை. எல்லோருக்கும் அதில் பெருமை. மேஜர் பழைய அறிக்கைகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ கெட்ட செய்தி படித்தவர் மாதிரி நிமிர்ந்தார்.

"ஒன்பது வருஷம் சண்ட நடந்த ஊரு. ஒரு புகார்கூட இல்லையா? ஏன்?"

"நிலைமை நல்லா இருக்கு மேடம்" என்றார் ஒருவர்.

"நல்லா இருக்கிற ஊருலகூட நாலு புகார் வருமே."

அன்று பிற்பகல் அவர் புகார் மேசை இருக்கும் இடத்தைப் பார்க்கப் போனார். எங்கே இருந்தது தெரியுமா அந்த மேசை? முகாமின் முதன்மை வாசலில், ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே. இந்தப் பக்கம் துப்பாக்கியோடு காவலர் இருவர். அந்தப் பக்கம் கூலி வேலை கேட்டு நிற்கும் முப்பது ஆண்கள். எதிரே டீக்கடை. மேசைக்குப் பின்னால் ஓர் எழுத்தர், பக்கத்தில் நான். ஒரு பெண் அங்கே வந்து நின்றால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மறுநாள் காலை மேஜர் தன் அழுக்குச் சீருடைகளை ஒரு வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரைப் படித்துறைக்குக் கிளம்பிவிட்டார். வழியில் தளபதி ஐயா பார்த்தார்.

"மேஜர், துணி துவைக்கவா உங்கள அனுப்பியிருக்காங்க?"

"இல்ல சார். ஆனா பேச்சு நடக்கிறது அங்கதான்."

மூன்று வாரம். நான் கூப்பிடு தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெண்கள் முதலில் அவர் துவைக்கும் அழகைப் பார்த்துச் சிரித்தார்கள். "இந்தம்மா துணிய அடிக்கிறாங்களா, கைதிய அடிக்கிறாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். மேஜரும் சிரித்தார். ஒன்று முதல் பத்து வரை அவர்களிடமே எண்ணக் கற்றுக்கொண்டார். அதில் பிற்பாடு நான் மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு தையல்காரம்மா சொன்னார்: "அந்த மேடத்துகிட்ட ஒண்ணு சொல்லணும். இங்க வேணாம். என் கடைக்கு வரச் சொல்லு."

கடை என்றால் ஒரே அறை. ஜன்னலோரம் தையல் எந்திரம், மடித்து அடுக்கிய துணி, கதவுக்கு ஒரு திரை. அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எந்திரத்தின் சக்கரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு பேசினார். சண்டைக் காலத்தில் சந்தைக்குப் போகும் சாலையில் இருந்த சோதனைச் சாவடியில் தனக்கு நடந்ததைச் சொன்னார். எத்தனை பேர், எந்தச் சுவர், எவ்வளவு நேரம், வெளியே யார் காவல் நின்றார்கள், பிறகு எப்படி வீடு வரை நடந்தார், எல்லாம் சொன்னார். அழவில்லை. ஒழுங்காக, வரிசையாக, துணிக்கு அளவு சொல்வது போலச் சொன்னார்.

சொல்லி முடித்ததும் மேஜர் என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: "சாவடியில அவங்களுக்குத் தொந்தரவு குடுத்தாங்களாம் மேடம்."

மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவங்க ஏழு நிமிஷம் பேசினாங்க தம்பி."

நான் மடித்து அடுக்கிய துணியைப் பார்த்தேன்.

"'மூணு'ன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. அந்த வார்த்த எனக்குத் தெரியும். நீங்க சொன்னதுல மூணு எங்க?"

"சொல்ல நாக்கு கூசுது மேடம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "நடந்தது அவங்களுக்கு. சொன்னதும் அவங்களே. கேட்ட உங்களுக்கு என்ன கூச்சம்? யாரோட மானத்தக் காப்பாத்துறீங்க? அவங்களோடதையா, உங்களோடதையா?"

பிறகு ஒன்று சொன்னார். இங்கே இருக்கும் ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் அவரிடம் முதல் நாள் கற்றது அது. "'அவங்க'ன்னு சொல்லாதீங்க. 'நான்'னு சொல்லுங்க. அவங்க சொன்ன மாதிரியே."

ஆகவே நான் சொன்னேன். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, "நான் சந்தைக்குப் போனேன்" என்று ஆரம்பித்து, "என்னை" என்று சொல்லி, "மூன்று பேர்" என்று சொல்லி, முடிக்கும்போது சட்டை முழுக்க நனைந்திருந்தது. தையல்காரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் மொழியில் சொன்னார்: "மொதல்ல நீ சொன்னப்போ உன் முகம் மாறவே இல்ல. அப்பவே தெரியும், நீ சொல்லலன்னு."

நண்பர்களே, அன்று திரும்பி வரும் வழியில், ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு மேஜர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எத்தன பேரு?"

இதுதான் நான் சொல்ல வந்த தவறு. அந்த எட்டு மாதமும் "இல்லை" என்று போன அறிக்கைகள் தானாகவா போயின? அந்தத் தகரக் கொட்டகைக்குக்கூட, அத்தனை கண்களையும் தாண்டி, பெண்கள் வந்திருந்தார்கள். வந்து சொல்லியிருந்தார்கள். அதை எழுத்தரிடம் போகவிடாமல் நிறுத்தியது யார்? ஆயுதக் குழுவா? தளபதியா? நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். "வீட்டில் சண்டையாம்" என்று சொல்லியிருக்கிறேன். "பயமாக இருக்கிறதாம்" என்று சொல்லியிருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் அல்ல. அவர்கள் மானம் காக்கிறேன் என்று நினைத்தேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

மேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்து, முகாமின் பழைய பஞ்சுக் கிடங்கில் உட்கார வைத்தார். "ஞாபகம் இருக்கிற எல்லாரையும் எழுதுங்க. பேரு தெரியலன்னா அடையாளம் எழுதுங்க." ஒன்றரை நாள் ஆயிற்று. பதினேழு பெண்கள்.

அவர் பட்டியலைப் படித்தார். "ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

"இது பொம்பளைங்க விஷயம்தானே மேடம்?"

"அப்படீன்னு யார் சொன்னா?"

நான் மறுபடி யோசித்தேன். ஒரு லாரி ஓட்டுநர். சிறைப்பிடித்து வைத்திருந்தபோது தனக்கு நடந்ததை, மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே, இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தார். நான் அதை "அடித்தார்களாம்" என்று ஒரே சொல்லாக்கியிருந்தேன். பெண்கள் சொன்னதையாவது கூசிக்கொண்டு வெட்டினேன். அந்த மனிதர் சொன்னதை, அப்படி ஒன்று நடக்கும் என்றே நம்பாமல் வெட்டியிருந்தேன். பதினெட்டாவதாக அவரை எழுதினேன்.

அப்புறம் பதினெட்டு வாசல். ஒவ்வொரு வாசலிலும் நான்தான் முதலில் பேச வேண்டும் என்பது மேஜரின் உத்தரவு. "அன்னைக்கு நீங்க சொன்னத நான் சரியா சொல்லல. தப்பு என்னோடது. மறுபடி சொல்ல விருப்பமா? விருப்பம் இல்லன்னா போயிடறோம்." இரண்டு பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். நான்கு பேர் கதவைச் சாத்தினார்கள். அதில் ஒருவர், "ஒரு தடவ சொன்னதே போதும்" என்றார். அந்தக் கதவை நான் இன்றும் மறக்கவில்லை. லாரி ஓட்டுநர் உள்ளே கூப்பிட்டு, மனைவியைக் கடைக்கு அனுப்பிவிட்டுச் சொன்னார். மற்ற பதினொரு பேரும் சொன்னார்கள். எல்லோரும் தண்டனை கேட்டார்களா? இல்லை. பாதிப் பேர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தச் சந்தை ரோட்டுச் சாவடிய எடுங்க. இப்பவும் அங்க ஆம்பளைங்கதான் எங்கள சோதிக்கிறாங்க." அதே இடம், அதே சுவர். வாரம் இருமுறை அதைக் கடந்துதான் அவர்கள் சந்தைக்குப் போனார்கள். எட்டு மாதம் அந்தச் சாவடியைப் படம் போட்டு, எண் கொடுத்து, வரைபடத்தில் குத்தி வைத்திருந்தோமே, எங்களில் ஒருவருக்காவது அது தெரிந்ததா? மேஜர் ஐந்து வாரத்தில் அந்தச் சாவடியை எடுக்க வைத்தார். மற்ற சாவடிகளுக்குப் பெண் காவலர்களை வரவழைத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்ல பெயர். எனக்கும், தளபதி ஐயாவுக்கும், படைக்கும். முடியவில்லை. அந்தப் பதினொரு பேரில் ஒருவர் ரொட்டிக் கடையில் வேலை செய்த விதவைத் தாய். அவர் சொன்னது ஆயுதக் குழுவைப் பற்றி அல்ல. எங்களைப் பற்றி. எங்கள் முகாமில் நிவாரண மாவு வழங்கும் பொறுப்பில் இருந்த சார்ஜெண்டைப் பற்றி. மாவு வாங்கும் அட்டை வேண்டுமென்றால் உடம்புதான் விலை என்று அவன் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தான், வாங்கியும் இருந்தான்.

வேலியே பயிரை மேய்ந்திருந்தது. அது மட்டுமா? அந்த அம்மா ஐந்து மாதத்துக்கு முன்பே கொட்டகைக்கு வந்து அதைச் சொல்லியிருந்தார். நான் எழுத்தரிடம் என்ன சொன்னேன்? "அட்டை இன்னும் வரலையாம்." அதில் கூச்சம் இல்லை, அவையோரே. அது பயம். அந்த சார்ஜெண்டும் நானும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்.

அன்று மேஜர் என்னை எதுவும் கேட்கவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. நானாகவே சொன்னேன், தெரிந்தே மறைத்தேன் என்று. "தெரியும்" என்றார். "இப்ப எழுதலாமா?"

தளபதி ஐயாவின் அறை, பழைய ஆலை மேலாளரின் அறை. மேஜர் அறிக்கையை மேசையில் வைத்தார். நான் கதவருகே நின்றேன். ஐயா படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னும் நாப்பது நாள்ல நம்ம படையோட பணிக்காலத்த நீட்டிக்கணும். இந்த நேரத்துல இது வெளில போனா நம்ம எல்லாரும் தலை குனியணும் மேஜர்."

"அந்த அம்மா அஞ்சு மாசமா தலை குனிஞ்சுதான் நடக்குறாங்க சார்."

"அவன நாளைக்கே ஊருக்கு அனுப்பிடறேன். உள்ளுக்குள்ளயே முடிச்சிடலாம்."

"ஊருக்கு அனுப்பினா அடுத்த வருஷம் வேற நாட்டுக்குப் போவான் சார். அங்கயும் மாவுதான் குடுப்பான்."

"இத அனுப்பினா உங்களுக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். அதான் ஒரு நாள் தாமதம்."

அறிக்கையில் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. வெளியே வந்ததும் மேஜர் சொன்னார்: "கட்டாயம் இல்ல தம்பி. போட்டா உங்க வேல போகலாம். உங்க கையெழுத்து இல்லாமலும் அனுப்புவேன்." அவருக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் போட்டேன். என் வாழ்நாளில் நான் போட்ட கையெழுத்துகளில் அந்த ஒன்றைத்தான் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

என்ன ஆயிற்று? ஆறு வாரத்தில் சார்ஜெண்டைக் கைது செய்தார்கள். தீர்ப்பு வர நான்கு வருடம். சிறை சென்றான். மேஜருக்கு என்ன ஆயிற்று? பணிக்காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே திருப்பி அனுப்பினார்கள். உத்தரவில் காரணம் போட்டிருந்தார்கள்: "குடும்பச் சூழ்நிலை."

கணக்கு வாத்தியார் ஐயா, உங்கள் வீட்டுக் கதையை இங்கே சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். மேஜரே என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லிச் சிரித்தது. அவர் புறப்பட்டபோது மகளுக்கு ஏழு வயது. வாத்தியாரின் அத்தை கேட்டாராம்: "ஏம்ப்பா, சின்னப் புள்ளைய விட்டுட்டு ஒரு அம்மாக்காரி சண்ட நடக்கிற நாட்டுக்குப் போவாளா?" வாத்தியார் சொன்னாராம்: "பக்கத்து வீட்டுக்காரர் போயி ரெண்டு வருஷம் ஆச்சு அத்த. அவருக்கும் ஏழு வயசுல புள்ள இருக்கு. அவர ஒரு தடவகூட நீங்க கேக்கலையே." முன்னதாகவே திரும்பி வந்ததும் அதே அத்தை: "குடும்பச் சூழ்நிலைன்னு போட்டிருக்காமே, உங்க வீட்ல என்ன பிரச்சின?" அதற்கு வாத்தியார்: "எங்க வீட்ல ஒரு பிரச்சினையும் இல்ல அத்த. அதுதான் அவங்களுக்குப் பிரச்சின."

இரண்டு முறை பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. இரண்டு முறையும் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போனார்கள். கர்னலாக ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர் மேஜராகவே ஓய்வு பெற்றார். அஞ்சலிச் சுவரொட்டியில் "மேஜர்" என்று பார்த்துவிட்டு, இவ்வளவு சேவை செய்தவருக்கு இவ்வளவுதானா பதவி என்று யாராவது கேட்டால், சொல்லுங்கள்: அந்தப் பதவியில் அவர் நின்றுபோனதற்குக் காரணம் ஒரு ரொட்டிக் கடைப் பெண்மணியின் வாக்குமூலம். அதை அவர் மறுபடி எழுத வேண்டியிருந்தாலும் ஒரு சொல் குறைக்காமல் எழுதியிருப்பார்.

தளபதி ஐயாவைப் பற்றிச் சொன்னதோடு விட்டால் அது அநியாயம். பத்து வருடம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, அவர் இந்த மையத்தின் வாசலில் வந்து நின்றார். மேஜர் அப்போது இங்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஐயா சொன்னார்: "நான் அன்னைக்கு செஞ்சத உங்க வகுப்புல ஒரு பாடமா வைங்க மேஜர்." மேஜர் சொன்னார்: "ஏற்கெனவே பாடம்தான் சார். பேரு மட்டும் போடல." ஐயா சிரிக்கவில்லை. வகுப்புக்கு உள்ளே வந்து, முப்பது இளைஞர்கள் முன்னால் நின்று, "அந்தப் பாடத்துல வர்றது நான்தான்" என்றார். அன்று முதல் ஒவ்வோர் அணிக்கும் வந்து அதைச் சொல்கிறார். தவறு செய்யாத தளபதிகள் நிறையப் பேர் இருக்கலாம். தன் தவற்றைத் தானே பாடம் நடத்தும் தளபதியை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

மேஜர் ஏன் இந்தப் பயிற்சி வேலைக்கு வந்தார்? ஓய்வூதியத்தோடு வீட்டில் இருந்திருக்கலாமே? ஒரு முறை கேட்டேன். "போர்னா துப்பாக்கிச் சத்தம்னு நினைச்சுத்தான் அனுப்புறாங்க தம்பி. அது நின்னதும் அமைதின்னு எழுதிடறாங்க. பாதி ஊருக்கு அதுக்கப்புறமும் நிக்கல. அத யாராவது போறதுக்கு முன்னாடியே சொல்லி அனுப்பணும்" என்றார். அதைத்தான் பன்னிரண்டு வருடம் சொல்லி அனுப்பினார்.

இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து பதினொரு மாதம். கடைசி ஆறு வாரம் தவிர வகுப்பை விடவில்லை. மருத்துவமனையில் நான் கடைசியாகப் பார்த்தபோது பேச்சு மெல்லிசாகிவிட்டது. ஆனால் கேள்வி மெல்லிசாகவில்லை.

"இந்த அணில பெண்கள் எத்தன பேரு?"

"பதினோரு பேரு மேடம்."

"மொழிபெயர்ப்பாளருங்க?"

"நாலு பெண்கள்."

"பத்தாது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆம்பளப் பசங்களையும் முழு வகுப்புக்கும் உட்கார வைங்க. இது பொம்பளைங்க பாடம்னு நினைச்சு டீ குடிக்கப் போயிடுவாங்க."

"கதவ சாத்திடறேன் மேடம்."

"சாத்தாதீங்க. டீய உள்ள கொண்டாந்து குடுங்க."

மேஜர் மறைந்த மறுநாள் தையல்காரம்மாவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். இப்போது அவர் கடையில் ஆறு எந்திரங்கள் ஓடுகின்றன. அவருக்குத் தீங்கு செய்த மூவரில் ஒருவன் சண்டையில் இறந்தான். மற்ற இருவரும் தண்டனை இல்லாமல் அதே ஊரில் நடமாடுகிறார்கள். இதையும் சொல்ல வேண்டும். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி உங்களை அனுப்பினால், நான் மறுபடி பழைய வேலையைச் செய்தவனாவேன். வாத்தியார் ஐயாவிடம் சொல்லச் சொல்லித் தையல்காரம்மா ஒன்று சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன் ஐயா:

"உங்க மனைவி என் கடைக்கு வந்த அன்னைக்கு எனக்கு அவங்க மேல கோவம். ஒன்பது வருஷம் எங்க போயிருந்தீங்கன்னு. அந்தக் கோவம் இன்னும் எனக்குப் போகல. ஆனா வந்து உட்கார்ந்து கேட்டது அவங்க ஒருத்தங்கதான். நான் சொன்னத நான் சொன்ன மாதிரி எழுதிட்டு, எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. அந்தத் தாள் என்கிட்ட இருக்கு."

அவையோரே, மேஜரை இழந்தோம். இழப்பு பெரிது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாமா? அவருடைய படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் செய்த வேலையைப் பீரோவில் பூட்டலாமா? நான் பூட்ட மாட்டேன். நீங்களும் பூட்டக் கூடாது. முதல்வர் அவர்கள் முன்னிலையில் மூன்று வாக்குகள் கொடுக்கிறேன். இந்த மையத்தில் மொழிபெயர்ப்பாளர் வகுப்பு நிற்காது. அடுத்த அணியில் பெண் மொழிபெயர்ப்பாளர்கள் நால்வர் அல்ல, பன்னிருவர் இருப்பார்கள். அதற்கான ஒப்புதலில் முதல்வர் இன்று காலை கையெழுத்திட்டுவிட்டார். மூன்றாவது, நாற்பத்தெட்டு வயதில் நான் மறுபடி களப் பணிக்கு விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை உங்கள் நாற்பத்திரண்டு பேரோடு நாற்பத்து மூன்றாவது ஆளாக நானும் பேருந்தில் ஏறுகிறேன்.

மேஜரின் மகளிடம், அம்மாவின் இடத்தில் வந்து நிற்க முடியுமா என்று கேட்டேன். "அம்மா இடத்துல என்ன நிக்க வைக்காதீங்க அங்கிள்" என்றார். "எனக்குத் தெரிஞ்சத சொல்லித் தரேன். அப்படி ஒரு பெண் வந்தா, ஒரு ஆண் வந்தா, மொத மூணு நாளுக்குள்ள என்ன மருந்து, என்ன பரிசோதன, எப்படித் தொடறது, எப்படித் தொடக் கூடாது. அது எனக்குத் தெரியும்." மருத்துவமனையில் இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அணியினரே, புறப்படும் முன் உங்களுக்கு இரண்டு பாடங்கள் பாக்கி. நாளை காலை ஒன்பது மணிக்கு, இதே கட்டடம், மாடியில் இரண்டாவது அறை. முதல் பாடம் செவிலியர் எடுக்கிறார். அடுத்தது, சொந்தப் படைக்காரன் மேல் புகார் வந்தால் என்ன செய்வது என்ற பாடம்; அதைத் தளபதி ஐயாவும் நானும் சேர்ந்து எடுக்கிறோம். நாற்பத்திரண்டு பேரும் வர வேண்டும். எழுதுவதற்குப் பேனா கொண்டு வாருங்கள்.